60 ஸ்லைடும் ஒரு சாக்பீஸும்

‘போர், அகதிகள், பேரிடர் என்று பேசினால் இளைஞர்கள் காதில் வாங்குவதில்லை, அவர்களைத் தன்னார்வலர்களாக எப்படி ஈர்ப்பது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் போட்டுவிட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்த வயிற்றெரிச்சல் போலிருக்கிறது. எனக்கும் அது பழக்கம்தான்.

கல்லூரித் தன்னார்வலர் குழு ஒன்றை ஆறு வருடம் நடத்தினேன். முதல் கூட்டத்துக்கு 60 ஸ்லைடு. 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தைப் பார்த்து, பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஹென்றி டுனாண்ட் பதறியதில் தொடங்கி, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏழு கோட்பாடுகள் வரை ஒன்றையும் விடவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அதில் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவர்.

கடுப்பில் ஸ்லைடுகளை மூட்டை கட்டிவிட்டு சாக்பீஸை எடுத்தேன். நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் தர அளவுகளின்படி, தங்குமிடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும். தரையில் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றேமுக்கால் மீட்டர் அகலத்தில் கட்டங்கள் போட்டு, “இதுதான் உன் வீடு, பையோடு உட்கார்” என்றேன். முதலில் ஒரே சிரிப்பு. பத்தே நிமிடத்தில் கோட்டுச் சண்டை வந்துவிட்டது.

அப்புறம் தண்ணீர். அதே தர அளவுகளின்படி ஒருவருக்கு நாளைக்கு 15 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய், நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரத்து. அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டு, “சார், 500 நிமிஷம் வருது. எட்டு மணி நேரத்துக்கு மேல குழாயை மூடவே முடியாது. அவ்வளவு நேரம் வரிசையில யார் நிப்பா, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களா?” என்றாள். என் 60 ஸ்லைடிலும் அந்தக் கேள்வி இல்லை. அடுத்த வாரம் அவள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் வேலை கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ என்ற தன்னார்வ வரைபடத் திட்டத்தில் சேர்ந்தோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் ஏறாத ஊர்களின் வீடுகளையும் சாலைகளையும் குறிக்கும் வேலை. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் தன்னார்வலர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து இப்படி வரைந்ததை மீட்புக் குழுக்கள் பயன்படுத்தின. எங்கள் ஆட்கள் முதல் வாரம் மரநிழலையெல்லாம் வீடாக வரைந்து வைத்தார்கள். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை, தாம் செய்ததை நிஜமாகவே ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

‘கட்டத்தில் உட்கார வைப்பது அடுத்தவர் துயரத்தை விளையாட்டாக்குவது’ என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் யாரையும் அழ வைக்கவில்லை, கணக்குத்தான் போட வைத்தேன். சான்றிதழுக்காக வந்தவர்களும் இருந்தார்கள். இருக்கட்டுமே, நானும் அப்படி நுழைந்தவன்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்பீஸ் பயிற்சி எங்கள் மேலமைப்பின் ஆண்டறிக்கையில் வண்ணப் படத்தோடு வந்தது. ‘வடிவமைத்தவர்’ என்று போட்டிருந்தது, அன்றைக்கு அறைச் சாவி கொடுக்க வந்தவரின் பெயரை. கேட்டால், “தன்னார்வலருக்குப் பெயர் எதற்கு?” என்றார்கள். சாவி கொடுத்தவருக்கு மட்டும் எதற்காம்?