உள்ளூர் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு விளம்பரப் பிரச்சாரம் செய்யப்போகும் கல்லூரி மாணவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

மும்பையில் பி.எம்.எம். என்ற ஊடகப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படித்தபோது (இப்போது அதற்கு பி.ஏ.எம்.எம்.சி. என்று பெயர்) நாங்கள் ஐந்து பேர் இதே வேலையைச் செய்தோம். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மாடி அறையில் நடக்கும் மாலை நேர வகுப்புக்காக. ஒரு அக்காவும் அவருடைய தோழிகள் இருவரும் நடத்தும் சின்ன அறக்கட்டளை அது. டிசைனில் கை வைப்பதற்கு முன்னால் அங்கே ஒரு வாரம் போய் உட்காருங்கள் என்பதுதான் என் பதில்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரே நாள் போய் நிறையப் போட்டோ எடுத்து வந்து போஸ்டர் தயாரித்துவிட்டோம். சாக்கடை ஓரம் புத்தகப் பையோடு நிற்கும் ஒரு பையன். மேலே 'இவன் படிக்க நீங்கள் கை கொடுங்கள்' என்று ஒரு வரி. கல்லூரியில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"ஏம்மா, இதை எங்க ஒட்டப் போறீங்க?"

சயான், மாட்டுங்கா பக்கம் என்றேன்.

"இவன் அப்பா மாட்டுங்காவுலதான் தினமும் காலைல இட்லி விக்கிறாரு. அவரு கண்ணுல படாதா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. உள்ளூர் விளம்பரத்தில் படத்தில் இருப்பவரும் அதைப் பார்ப்பவரும் ஒரே தெருவில் நடக்கிறவர்கள். அந்தப் பையன் மறுநாள் அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். இந்திய விளம்பரத் தரக் குழுவான ஏ.எஸ்.சி.ஐ. 2023இல் தொண்டு விளம்பரங்களுக்கென்றே நெறிமுறை கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்களின், முக்கியமாகக் குழந்தைகளின், மானத்தைக் குலைக்கும் படம் கூடாது. பணம் கொடுக்காதவரைக் கூசவைக்கக் கூடாது. ஒருவரைக் காட்டிப் பணம் கேட்டால், அது அவருக்கா நிறுவனத்துக்கா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை அவசியம் படியுங்கள். நாங்கள் படித்த காலத்தில் அது இல்லை. அக்காவின் அந்த ஒரு கேள்வி இருந்தது.

அதற்கப்புறம்தான் "உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்றே கேட்டோம். பணம் என்று நாங்களாக நினைத்திருந்தோம். "பத்தாவதுக்குக் கணக்கு சொல்லித் தர ஆள் வேணும். தமிழ்ல சொல்றவங்களா இருக்கணும்" என்றார். மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் சரி, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளும் சரி, வீட்டு மொழியில் ஒருமுறை விளக்கினால் சட்டெனப் பிடித்துக்கொள்வதை நாங்களே உட்கார்ந்து பார்த்தோம்.

பழைய போஸ்டரைத் தூக்கிப் போட்டோம். ஒரு மாணவி தன் நோட்டில் பாதியில் விட்டிருந்த இருபடிச் சமன்பாடு ஒன்றை, அவள் கையெழுத்திலேயே, அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு அச்சடித்தோம். கீழே: 'அடுத்த வரி உங்களுக்குத் தெரியுமா? சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் தாருங்கள்.' முகம் இல்லை, பெயர் இல்லை. சுவரில் ஒட்டவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒட்டுவது குற்றம். மாட்டுங்கா காபிக் கடைகளின் கல்லாவிலும் செம்பூர் முருகன் கோயில் வாசலிலும் கேட்டு அனுமதி வாங்கித் துண்டுச்சீட்டாகக் கொடுத்தோம்.

இன்னொரு தவறும் நடந்தது. அக்காவின் நம்பரையே அச்சிட்டிருந்தோம். வகுப்பு நேரத்தில் போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. முதல் சனி, ஞாயிறு வந்த அழைப்புகள் பெரும்பாலும் தவறிப்போயின. உதவி செய்ய முன்வந்தவரை அலையவிட்டால் அவர் திரும்ப வரமாட்டார். உடனே அறக்கட்டளை பெயரில் தனி சிம் வாங்கி, நாங்கள் முறை வைத்துப் பேசினோம். மொத்தம் 23 பேர் கூப்பிட்டார்கள், 9 பேர் வந்தார்கள், 4 பேர் மார்ச் பொதுத்தேர்வு வரை நின்றார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர், செம்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், இன்றும் போகிறார்.

நீங்கள் பணமே கேட்பதாக இருந்தால், கியூஆர் கோடு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், மாணவர் யாருடைய கணக்குக்கும் கூடாது. 'வரிச்சலுகை உண்டு' என்று போடுவதற்கு முன், நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க நிறுவனம் வைத்திருக்க வேண்டிய பதிவு (80ஜி என்பார்கள்) இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 2021இலிருந்து அதை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, அதையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், செமஸ்டர் முடிவதற்குள் சிம், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு, டிசைன் கோப்புகள் எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்து, எப்படி மாற்றுவது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். எங்கள் துண்டுச்சீட்டை இப்போது அக்காவின் மகள் ஒவ்வொரு ஜூனிலும் சமன்பாட்டை மட்டும் புதிதாக மாற்றி அச்சடிக்கிறாள்.