தும்மினால் கசிகிறது… லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். தும்மினாலோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறது. "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம், வயித்தை இறுக்கிக் கட்டு" என்கிறார் மாமியார். ஒரே முறையில் சரியாகும் என்று லேசர் விளம்பரம் வருகிறது. போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறையப் பேருக்கு வருவதுதான். அதற்காகப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை சகோதரி. பெரும்பாலும் கத்தியின்றியே குறைக்க முடியும்.

லேசர் இப்போது வேண்டாம். சிறுநீர்க் கசிவுக்கென்று பெண்ணுறுப்பில் லேசர், ரேடியோ அலைக் கருவிகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது, பலன் தருவது என்று நிரூபிக்கப்படவில்லை என அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, தாம்பத்திய உறவின்போது வலி ஆகியவை அதில் வரக்கூடியவை.

உங்களுக்குத் தளர்ந்திருப்பது சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஏந்தும் இடுப்புத்தளத் தசைகள். தும்மும்போது வயிற்றின் அழுத்தம் கீழே பாய்கிறது. அந்த நொடியில் தசை சிறுநீர்க்குழாயை இறுக்கிப் பிடிக்காததால் கசிகிறது. வயிற்றை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் இன்னும் கீழேதான் போகும். இடுப்புக்குத் தாங்கலாக லேசாகக் கட்டுவதில் தவறில்லை, மூச்சு முட்டக் கட்டக் கூடாது.

இதற்கு முதல் மருந்து, இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சிதான். முறையாகச் செய்யாமல், "பண்ணிப் பார்த்தேன், பலனில்லை" என்று விடுபவர்கள்தான் அதிகம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும், கூடவே சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கத்தையும் உள்ளே, மேலே இழுங்கள். ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள்: பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடம் உள்வாங்க வேண்டும். வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள் என்று பொருள். அப்படிச் செய்தால் கெடுதல்தான். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். பிறகு சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

நான்கு நொடி பிடித்து, நான்கு நொடி முழுதாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முறை. அடுத்து டக்டக்கென்று 8 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பால் கொடுக்க உட்காரும்போது செய்தால் மறக்காது. வாரம் ஆக ஆகப் பிடிப்பதைப் பத்து நொடி வரை கூட்டுங்கள். தும்மல் வரும் என்று தெரிந்ததும், குடத்தில் கை வைக்கும் முன்பும், முதலில் இறுக்குங்கள். மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இறுக்குவதே தெரியவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடமோ, இதில் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட்டிடமோ போங்கள். விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். தேவைப்பட்டால் தசையின் இறுக்கத்தைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக், சிறிய கருவியை உள்ளே வைத்து மெல்லிய மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைக்கும் சிகிச்சை இரண்டும் உண்டு. தானாக இறுக்க முடிகிறவர்களுக்கு மின்சாரம் தேவைப்படுவதில்லை. அறுவை சிகிச்சை கடைசி வழி. அடுத்த பிரசவம் அதன் பலனைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகே பெரும்பாலும் செய்வார்கள்.

'பச்ச உடம்பு' என்று வீட்டில் தண்ணீரைக் குறைத்தால் கேட்காதீர்கள். கசிகிறதே என்று நீங்களாகவும் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்ந்தால் பையில் எரிச்சல் கூடும், மலம் இறுகும். முக்கிப் போகிற ஒவ்வொரு முறையும் அதே தசைதான் அடி வாங்குகிறது. தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். கீரை, கொய்யா, வாழைத்தண்டு சேருங்கள். கழிப்பறையில் முக்காமல் மூச்சை விட்டபடி போங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கடியில் சிறு முக்காலி வையுங்கள்.

தும்மாதபோதும் ஓயாமல் சொட்டுகிறதா? வாயுவோ மலமோ அடங்காமல் போகிறதா? பெண்ணுறுப்பில் ஏதோ இறங்கி நிற்பதுபோல இருக்கிறதா? எரிச்சலோ, சிறுநீரில் ரத்தமோ, காய்ச்சலோ உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தையல் போட்டதைச் சொல்லுங்கள், ஆசனவாய்த் தசைவரை கிழிந்ததா என்று பிரசவச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.