இபிஎஃப் பணத்தில் டாக்டர் படிப்பு வேண்டாம், அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை பெக்கோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பாவுக்கு 53 வயது, செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மாவுக்கு டவுனில் தொழிற்சாலை வேலை. மகள் படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் நல்ல முடிவு, கூடுதல் கணிதத்தில் ஏ. அவர்கள் குடும்பத்தில் அந்தப் பாடத்தை எடுத்தவர்களே இதற்கு முன் இல்லை. கொண்டாட வேண்டிய வீடு மூன்று வாரமாகத் தூங்கவில்லை. "இவ்வளவு நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளையை டாக்டருக்குப் போடாம வேற எதுக்குப் போடப் போற?" என்று கிள்ளானில் இருக்கும் பெரியப்பா போன் மேல் போன் போடுகிறார். ஏஜெண்ட் ஒருவரையும் அவரே அனுப்பிவைத்தார். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியாம். முன்பணத்தை இபிஎஃப்பிலிருந்து, அதாவது மலேசிய ஊழியர் சேமநிதியிலிருந்து, எடுக்கலாம் என்று அந்த ஏஜெண்ட் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வந்தவுடன் "கவலைப்படாதீங்க" என்றுதான் சொன்னேன். அந்தத் தாளைப் பார்த்த அப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணே, அன்றைக்கு உங்களிடம் பாதிதான் பேசினேன். மீதியையும், உங்கள் மகளுக்கு ஏற்றதென்று எனக்குத் தோன்றும் புள்ளியியல் வழியையும் இங்கே எழுதுகிறேன். இதே தாள் வேறு எத்தனை வீட்டு மேசையில் கிடக்கிறதோ.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 55 வயதில் ஒருவர் கையில் குறைந்தது 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று இபிஎஃப் 2019-இல் ஒரு அளவு வைத்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருடம், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. உங்கள் கணக்கில் அதில் பாதிகூட இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். பிள்ளையின் படிப்புக்கு எடுக்க அனுமதி இருக்கிறது, அது உண்மை. ஆனால் எடுத்த பணத்தைத் திரும்பப் போட உங்களுக்கு எத்தனை வருடம் இருக்கிறது? தனியார் துறையில் ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60 ஆனது. அதுவரை டிராக்டர் இருக்கையில் உங்கள் முதுகு தாங்குமா என்பது தனிக் கேள்வி. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதைச் சொன்னதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

படித்து முடித்ததும் நிரந்தர அரசு வேலை என்று பெரியப்பா நினைப்பது பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலை 26 அன்று இளம் டாக்டர்கள் நாடு முழுவதும் பணியிலிருந்து வெளிநடப்புச் செய்ததை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். டாக்டர் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆசையுள்ள பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போகட்டும். உங்கள் மகளிடம் ஆசையைக் கேட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்னா படிக்கிறேன்" என்றாள். இதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் தானாக வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான். பேச்சுவாக்கில் நீங்கள், "எங்கம்மா துப்புரவு வேலையை விட்டு வீட்டுல உட்கார்ந்த பிறகுதான் இனிப்பு நீர் வந்துச்சு, உடம்பு போச்சு" என்றீர்கள். சட்டென்று அவள், "இல்லப்பா, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சக்கரை ஏறிடுச்சு. கால் மரத்துப் போனதாலதான் பாட்டி வேலையை விட்டாங்க" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாட்டியின் கிளினிக் புத்தகத்தில் இருந்த தேதி, சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாவற்றையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வரிசையாக எழுதி, வேலையை விட்ட நாளுக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாளாம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அண்ணே, உலகத்தில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வது இதைத்தான். வேலையை விட்டதால் உடம்பு கெட்டதா, உடம்பு கெட்டதால் வேலையை விட்டார்களா? ஒரே ஒரு நாள் போய்க் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. வேலையில் இல்லாதவர்கள் நோயாளிகளாக இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். எது முந்தி, எது பிந்தி என்று தெரிய, அதே ஆட்களிடம் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இதை நெடுங்கால ஆய்வு என்பார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992-இல் இப்படி ஒன்றை ஆரம்பித்தது. ஐம்பது வயது தாண்டிய ஏறக்குறைய 20,000 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். சம்பளம், சேமிப்பு, நோய், பிள்ளைகள் தரும் பணம் எல்லாம் கேட்பார்கள். கைப்பிடி பலத்தை அளப்பார்கள். பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி, சற்று நேரம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 2002-இலும், ஐரோப்பிய நாடுகளில் 2004-இலும் இதைப் பார்த்து ஆரம்பித்தார்கள். இந்தியாவில் 2017-18இல் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள 72,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு முதல் சுற்றை நடத்தினார்கள்.

இந்தத் தரவை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். சீக்கிரம் ஓய்வு பெற்றால் ஞாபகசக்தி குறையுமா என்று ரோவெடர், வில்லிஸ் என்ற இருவர் 2010-இல் எழுதினார்கள். மறதி வந்ததால்கூட ஒருவர் வேலையை விட்டிருக்கலாம் அல்லவா? அந்தச் சிக்கலைத் தாண்ட, ஒவ்வொரு நாட்டிலும் ஓய்வூதியச் சட்டம் எந்த வயதில் கதவைத் திறக்கிறது என்ற வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் ஆளின் உடம்பைப் பார்த்து மாறுவதில்லையே. சீக்கிரம் ஓய்வு பெற்றவர்களின் ஞாபகம் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் நாட்டிலும் 2013-இல் ஓய்வு வயது மாறியது, இபிஎஃப் 55-இல் திறக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது.

இங்கேயும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல்வாழ்வு ஆய்வு மையம் 2018-19இல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 5,613 பேரோடு 'மார்ஸ்' ஆய்வைத் தொடங்கியது. உங்கள் சிகாமாட் வட்டாரத்திலேயே மொனாஷ் பல்கலைக்கழகத்தின் 'சீக்கோ' இருக்கிறது. பெக்கோக், சாஆ உட்பட ஐந்து முக்கிம்களில் (மாவட்டத்தின் உட்பிரிவுகளில்) ஏறக்குறைய 40,000 பேரைக் கணக்கெடுத்துத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். "வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்துட்டுப் போனாங்களே" என்று அக்கா சொன்னது இவர்களைத்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இடம் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஆறேழு பேர்தான் இந்தியர்களான நாம். அந்த விகிதத்தில் பார்த்தால் 5,613 பேரில் நாம் சில நூறு பேர்தான் வருவோம், அதில் தோட்டத்து ஆட்கள் இன்னும் குறைவு. தோட்டம் கைமாறி லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, உடைத்ததும் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய்விடுகின்றன. அடுத்த சுற்றில் கேட்க வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்புவார். அப்படி விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் நோயாளிகளும் என்றால், மிச்சம் இருப்பவர்களை மட்டும் வைத்து "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று முடிவு வந்துவிடும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது கணிதம். விட்டுப்போனவர்கள் யாராக இருப்பார்கள் என்று ஊகிக்க, லயத்து வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் அம்மாவிடம் "நீரிழிவு இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார். "இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்டால்தான் கிளினிக் புத்தகத்தை எடுப்பார். தமிழ்நாட்டில் எழுதிய கேள்வித்தாளை இங்கே அப்படியே கொண்டுவந்தால் பதில் தப்பாகிவிடும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த உங்கள் மகளுக்கு இது ஒரு நிமிட வேலை.

வழி எளிதானது. அரசாங்கப் பள்ளியில் படிவம் ஆறு, மூன்று தவணை, ஒன்றரை வருடம். அப்புறம் யூ.பி.யூ என்ற அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்ப முறை வழியாகப் புள்ளியியல் அல்லது பொருளாதாரம். தேவையென்றால் பி.டி.பி.டி.என் என்ற அரசாங்கக் கல்விக் கடன். முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் கேட்கலாம். புள்ளியியல் துறை, இபிஎஃப், காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்பட்டவர்களைத் தேடும் இடங்கள். ஆய்வு வேலையிலும் ஒரு குறை உண்டு: திட்டத்தின் பணம் தீர்ந்தால் ஒப்பந்தமும் முடியும், முதுகலை இல்லாமல் மேலே போவது கஷ்டம். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு உங்கள் இபிஎஃப்பை அடகு வைக்க வேண்டியதில்லை. படிவம் ஆறுக்குப் பதிலாக அரசாங்க மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதுவும் சரி. கணக்கியல், பொறியியல் பற்றி எல்லாம் மற்றவர்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள், நான் வேறு எதற்கு?

பெரியப்பாவிடம் நீங்களே பேச வேண்டாம், என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். ஏஜெண்ட் கேட்கும் பதிவுக் கட்டணத்தில் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், படிவம் ஆறில் கணிதம் டி (Mathematics T) நடத்துகிறார்களா என்று கேளுங்கள். கணிதம் எம் (Mathematics M) மட்டும்தான் என்றால் அங்கே பதிந்துவிடாதீர்கள், சிகாமாட் டவுன் பள்ளிகளில் விசாரிப்போம். பஸ் செலவு கூடும், ஆனால் டி இல்லாமல் பல புள்ளியியல் பட்டப்படிப்புகளின் கதவு திறக்காது.