விரல் வெளுப்பும் சென்ட்ரோமியர் ஆன்டிபாடியும்

கேள்வி: வயது 42. பிரிட்ஜில் கைவிட்டாலோ, குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவினாலோ விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து எரிகின்றன. ஏஎன்ஏ, சென்ட்ரோமியர் ஆன்டிபாடி (உடலின் சொந்த செல்களையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) இரண்டுமே பாசிட்டிவ். இது ஸ்கிளீரோடெர்மாதானா? ஆன்டிபாடியைக் குறைக்க மருந்து உண்டா?

பதில்: ரத்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஸ்கிளீரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய்) என்று முடிவு கட்ட முடியாது. 2013இல் வகுக்கப்பட்ட மதிப்பெண் முறையில் 9 வந்தால் அந்த நோய். நீங்கள் சொல்லும் நிறமாற்றத்துக்கு (ரேனாட்ஸ்) 3, ஆன்டிபாடிக்கு 3. நகக்கண் ஓரத்து நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் கேப்பில்லரோஸ்கோப்பியில் மாற்றம் தெரிந்தால் இன்னும் 2. விரல்கள் உப்பியிருந்தால் மேலும் 2. அப்போது எல்லை தாண்டிவிடும். ஆகவே அடுத்த வேலை, ரூமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்) மருத்துவரிடம் கையைக் காட்டுவது.

ஆன்டிபாடியைக் குறைக்க மருந்து தேவையில்லை. அதன் அளவு நோயின் ஏற்ற இறக்கத்தை நம்பகமாகக் காட்டாது. ஆறு மாதத்துக்கொரு முறை எடுப்பது வீண் செலவு. எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த நோயில் வரும் வேறு ஆன்டிபாடிகளில், எஸ்சிஎல்-70 என்றால் நுரையீரல் தழும்பைக் கவனிக்க வேண்டும். ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 என்றால் சிறுநீரகம். ஆர்என்ஏ பாலிமரேஸ் 3 உள்ளவர்கள் வீட்டிலேயே பிபி பார்க்க வேண்டும், ஸ்டீராய்டைத் தாங்களாக விழுங்கவே கூடாது. உங்களுடைய சென்ட்ரோமியரில் விரல்நுனிப் புண்ணும், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடுவதும் முக்கியம். அழுத்தம் கூடத் தொடங்கும்போது மூச்சு வாங்காது. நோய் உறுதியானால், நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை எக்கோவும் (இதய ஸ்கேன்), டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) உள்ள நுரையீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

இனி ரத்த ஓட்டம். இந்த நோயில் குழாயின் உட்சுவரே தடித்துக் குறுகுகிறது. குளிர் பட்டதும் மிச்ச வழியும் இறுகிவிடுகிறது. கையுறை மட்டும் போதாது. உடம்பு குளிர்ந்தாலே விரல் வெளுக்கும். ஏசி அறையில் ஸ்வெட்டர், காலுறை போடுங்கள். வெளுத்த கையை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொதிநீர் புண்ணாக்கிவிடும்.

மருந்தில் முதலில், ரத்தக் குழாயை விரிக்கும், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின் 5 மி.கி. கணுக்கால் வீக்கம், தலைவலி வரலாம். போதாவிட்டால் சில்டனாஃபில்; நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது ஆபத்து. புண் திரும்பத் திரும்ப வந்தால் போசென்டான். மாதந்தோறும் கல்லீரல் பரிசோதனை வேண்டும், கர்ப்பத்தில் கூடவே கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால், மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின் மாத்திரை, புகை மூன்றுமே விரலை மோசமாக்கும். விரல்நுனி கறுத்தாலோ, வெளுப்பு மாறாமல் வலி கூடினாலோ, சீழ் வைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரத்தக் குழாயை விரிக்கும் ஐலோப்ரோஸ்ட் மருந்தை ரத்த நாளம் வழியாக ஏற்ற வேண்டியிருக்கலாம்.