எவ்வளவு படித்தாலும் மறந்துவிடுகிறது, ஞாபக சக்தி பிறப்பிலேயே வருவதா?

உயர்தரத்தில் பயோ படிக்கிறேன், இரவெல்லாம் கண்விழித்துப் படித்தது காலையில் நிற்பதில்லை, தோட்டத்துப் பிள்ளை என்பதால்தான் இப்படியோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் ஹட்டன் பக்கம் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். சாதாரண தர ரிசல்ட் வந்து பயோ எடுக்கப்போகிறேன் என்றதும் ஒரு ஆசிரியர், பெயர் வேண்டாம், அம்மாவை வைத்துக்கொண்டே "இதெல்லாம் இவங்க மண்டையில ஏறாது, ஆர்ட்ஸ்ல போடுங்க" என்றார். அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார், வேலைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ஒன்றும் பேசாமல் நின்றார். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நான் பயோதான் எடுத்தேன், இப்போது அதையேதான் படிப்பிக்கிறேன். ஒரு விஷயம் மூளையில் எப்படிப் பதிகிறது என்று தேடித்தேடிப் படித்ததும் அன்றைய கோபத்தில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். ஒன்று அங்கே குளூட்டமேட் என்ற இரசாயனத்தை விடும், மற்றது வாங்கிகள் மூலம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பா என்ற வாங்கி உடனே திறந்துவிடும். என்எம்டிஏ என்ற வாங்கி அப்படியில்லை, அதன் துவாரத்தை ஒரு மக்னீசியம் அயன் அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்திருக்கும் அதே நேரத்தில் வாங்கும் கலமும் பலமாகத் தூண்டப்பட்டால்தான் அந்த மக்னீசியம் விலகி கல்சியம் உள்ளே போகும். கல்சியம் போனதும் கேம்கே-2 என்ற நொதியம் வேலையைத் தொடங்கும், கூடுதலாக ஆம்பா வாங்கிகள் அந்த இடத்துக்கு வந்து சேரும், அப்புறம் அதே அளவு குளூட்டமேட்டுக்கு முன்னைவிடப் பெரிய பதில் கிடைக்கும். இப்படி ஒரு இணைப்பு பலப்பட்டு மணிக்கணக்கில் அப்படியே நிற்பதை பிளிஸ், லோமோ என்ற இரண்டு பேர் முயலின் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கண்டு 1973இல் வெளியிட்டார்கள்.

ஆனால் மணிக்கணக்கில் நின்றால் பரீட்சைக்குப் போதாதே. நாட்கணக்கில் நிற்க, செய்தி கலத்தின் கருவரைக்கும் போகவேண்டும், அங்கே கிரெப் என்ற புரதம் சில பரம்பரை அலகுகளை இயக்கி, புதுப் புரதங்கள் உருவாகி, இணைப்பே வளரவேண்டும். எரிக் காண்டல் அப்ளிசியா என்ற கடல் நத்தையில் இதைத்தான் காட்டினார், 2000இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நத்தையின் வாலில் ஒரு தடவை அதிர்ச்சி கொடுத்தால் ஞாபகம் சில நிமிடம்தான். இடைவெளி விட்டுத் திரும்பத்திரும்பக் கொடுத்தால் நாட்கணக்கில் நிற்கிறது. புதுப் புரதம் உண்டாகாமல் தடுத்துவிட்டால் குறுகியகால ஞாபகம் அப்படியே இருக்கும், நீண்டகால ஞாபகம்தான் உண்டாகாது. ஆகவே ஒரே இரவில் எல்லாவற்றையும் திணிக்கிறீர்கள் என்றால் நிற்காதது உங்கள் பிறப்பினால் அல்ல, புரதம் உண்டாக நேரமும் திரும்பத் தூண்டுதலும் கிடைக்காததால்.

என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். மாசியில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால் விடிய விடியக் கூத்துப் பாட்டு பாடுவார், ஒரு அடி தவறாது. ரதியாக ஆடுகிற பையன் தடுமாறினால் திடலின் ஓரத்திலிருந்தே அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பார். வருடா வருடம், இரவுக்கு இரவு, கேட்டுக் கேட்டு, பாடிப் பாடி வந்தது அது. அவருடைய மண்டையில் ஏறியது பேத்தி மண்டையில் ஏறாதா?

"பரம்பரைக்குப் பங்கே இல்லையா டீச்சர்" என்று கீழே சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: பங்கு இருக்கிறது, ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நான் நரம்பியல் டொக்டரும் இல்லை. ஆனால் லயத்தில் பிறந்தால் சினாப்ஸ் வேறு மாதிரி வேலை செய்யும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சின்ன வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் படிப்பும் கவனமும் பாதிக்கப்படும், அது உண்மை. அது சாப்பாட்டுப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை அல்ல. பயோ படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, டியூசனுக்கு டவுனுக்குப் போய் கடைசி பஸ்ஸைப் பிடித்து, இருட்டில் தேயிலைக்குள்ளால் நடந்து வருகிற பெண்பிள்ளையைப் பார்த்து "ஏறாது" என்கிறார்கள், முதலில் அங்கே ஒரு தெருவிளக்குப் போடட்டும்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். இன்று படித்ததை நாளை புத்தகத்தை மூடிவைத்து எழுதிப்பாருங்கள், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. தூக்கத்தைக் குறைக்காதீர்கள், படித்தது உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஞாபகசக்தி டானிக் என்று யாராவது விற்க வந்தால் அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் வாங்கச் சொல்லுங்கள் அம்மாவிடம்.