காலையில் இறுகிப்போன மரை

வணக்கம் அண்ணை,

நான் புதுக்குடியிருப்பு. அப்பாவின் லேத்தில் உழவு இயந்திரங்களுக்குப் புஷ் கடைகிறோம். மைப்பேனை கடைவது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, ஒரு எபனைட் தண்டு எடுப்பித்து நானும் கடைந்தேன். பின்னேரம், நிப்பைப் பிடிக்கும் கழுத்து மை நிற்கும் குழலுக்குள் அழகாக ஏறியது. காலையில் பார்த்தால் பாதியிலேயே இறுகி நிற்கிறது. எனக்கு மரை வெட்டத் தெரியும். எபனைட்தான் சரியில்லையா? பேசாமல் கருங்காலியில் கடையட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மரையில் பிழையில்லை. சூடுதான் காரணம்.

இரும்பு கடைந்து பழகிய கை, துளையை ஒரே மூச்சில் இறக்கிவிடும். எபனைட் அதைத் தாங்காது. அது நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர். ட்ரில் முனையில் பிறக்கிற சூட்டை அது கடத்தாது, துளையின் சுவரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சூட்டுக்கு விரிவதும் இரும்பைவிடப் பல மடங்கு. விரிந்திருந்த நேரத்தில் மரை வெட்டினீர்கள், இரவு ஆறிச் சுருங்கிவிட்டது.

அடுத்த தண்டில் முதலில் 5 மில்லிமீற்றர் துளை, பிறகு 8. ஒவ்வொரு சின்ன இறக்கத்துக்கும் ட்ரில்லை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். கந்தக மணம் கொஞ்சம் எப்போதும் வரும். வெடி கொளுத்திய முற்றம்போல மூக்கில் ஏறினால் லேத்தை நிறுத்திவிடுங்கள். வெளியே கடையும்போது சீவலைப் பாருங்கள்: உளி கூராக இருந்தால் கறுப்பு நாடாபோல நீளமாக வரும், தூளாகக் கொட்டினால் உளி மழுங்கிவிட்டது. எபனைட் உளியைச் சீக்கிரம் மழுக்கும். நான் துளை போட்ட தண்டை ஒரு இரவு ஆறப்போட்டு மறுநாள்தான் மரை வெட்டுகிறேன்.

கருங்காலி வேண்டாம். மரம் மையைக் குடித்து ஊதும். அனுமதியில்லாமல் நம் காட்டில் கைவைக்கவும் முடியாது. எபனைட்டுக்கே பெயர் வந்தது கருங்காலியின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான். அந்தக் கறுப்பும் வழுவழுப்பும் அப்படி.

சூட்டைக் கடத்தாத அந்தக் குணத்துக்காகவே எனக்கு எபனைட் பிடிக்கும். குழலில் நேராக மை ஊற்றி எழுதும் பேனையில், மை குறையக் குறைய உள்ளே காற்று சேரும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்தால் மை நிப்பு வழியே சொட்டும். வெளியே 13, உள்ளே 8 என்று 2.5 மில்லிமீற்றர் சுவர் விட்டுக் கடைந்தால், வைகாசி வெயிலிலும் கைச்சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும்.

ஒரே ஒரு இடத்தில் சூடு நமக்கு உதவும். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கும் எபனைட் என்றால், இரண்டையும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க உள்ள தண்ணீரில் அரை நிமிடம் பிடித்து, எடுத்தவுடன் துணியோடு பெருவிரலால் அமத்துங்கள். நாக்கு இளகி நிப்போடு ஒட்டி உட்காரும். குழலை மட்டும் சுடுதண்ணீரில் போட்டுவிடாதீர்கள், பளபளப்பு போய் மண்ணிறமாகிவிடும். யன்னல் வெயிலில் கிடந்தாலும் அதே கதிதான்.

இறுகிய பேனையை முறுக்காதீர்கள், வெடித்துவிடும். குழலின் உள்மரை வெட்டிய டப்பைக் கையால், மெதுவாக, இன்னொருமுறை ஓட்டி எடுங்கள். ஏறிவிட்டால் மரையில் சிலிக்கன் கிறீஸ் தடவி, மைக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, ஒரு வெள்ளைத் தாளின்மேல் இரவு முழுக்கப் படுக்கவையுங்கள். விடிய அந்தத் தாள் காய்ந்திருந்தால், அதே தாளில் அதே பேனையால் எனக்கு நாலு வரி எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள்.