கேள்விக் கோப்பு வாங்காதீர்கள், ஆச்சியின் கையைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அமெரிக்கா செல்வதற்காக என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். மூவாயிரம் கேள்விகளை விடையோடு மனப்பாடம் செய்தும், "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் தவறிவிடுகிறேன். "தேர்வில் வந்த கேள்விகள்" அடங்கிய கோப்பு ஒன்றை 40,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: வாங்கவே வாங்காதீர்கள், சகோதரி. அந்தக் கோப்பு பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். தேர்வின் கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அந்த விதியை மீறினால் தேர்வு முடிவையே ரத்து செய்யலாம். "உங்களுக்குப் பதிலாக எழுத ஆள் இருக்கிறார்" என்று சொல்பவர்களும் ஊருக்குள் வரக்கூடும். தேர்வு மையத்தில் உள்ளங்கையின் இரத்த நாளங்களையே பதிவு செய்கிறார்கள். அப்படிச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்தத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. உங்கள் விடையைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியை எடுக்கிறது. ஒருவருக்கு 85 கேள்வியில் முடியலாம், இன்னொருவருக்கு 150 வரை போகலாம். மொத்தம் ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரல் முதல் வந்திருக்கும் புதிய முறையில் ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அதன்மேல் ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். அப்படி மூன்று கதைகள் கட்டாயம் வரும். மனப்பாடம் இங்கேதான் கைவிடுகிறது. தவறு உங்களுடையது மட்டுமல்ல. கல்லூரியில் சீனியரின் கேர் பிளான் (நோயாளி பராமரிப்புத் திட்டம்) ரெக்கார்டைப் பார்த்து எழுதவைத்து, அதற்குக் கையெழுத்தும் போட்டு அனுப்பும் கல்விமுறை இது. யோசிக்கப் பழக்காமல் பட்டம் கொடுத்துவிட்டு, யோசனையைச் சோதிக்கும் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம்.

அந்த ஆறு கேள்விகள் எப்படிப் போகும் என்பதை நம் ஊர்க் காட்சி ஒன்றில் பாருங்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. 78 வயது ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்காரப் பெண் மட்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து பேச்சு தடுமாறுகிறது. மகன் தொலைபேசியில், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது. பல வருட முழங்கால் வலியும் கண்புரை அறுவையும் கேஸ் ஷீட்டில் இருக்கின்றன.

முதல் கேள்வி, இதில் எது முக்கியம்? வியர்வை, பேச்சுத் தடுமாற்றம், சாப்பிடாமல் போட்ட மாத்திரை. முழங்காலும் கண்ணும் உங்களைத் திசைதிருப்ப வைத்தவை. அடுத்து, இவை எதைக் காட்டுகின்றன? சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். மூன்றாவது, எது இப்போதே உயிரை எடுக்கும், எதை உடனே சரிசெய்ய முடியும்? சர்க்கரை. விரலில் குத்திப் பார்க்கிறீர்கள், 52, தாழ்ந்தேதான் இருக்கிறது. நான்காவது, என்னென்ன வழி? ஐந்தாவது, எதைச் செய்வீர்கள்? ஆச்சி விழித்திருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கிச் சரிந்தால் வாயில் ஒரு சொட்டும் விடக் கூடாது, புரையேறிவிடும். இரத்த நாளம் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல்தான். ஆறாவது, பலித்ததா? 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கிறீர்கள், 84. பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை மாத்திரை உடலில் நெடுநேரம் வேலை செய்யும், வயதானவரின் சிறுநீரகம் மெதுவாகத்தான் அதை வெளியேற்றும். சர்க்கரை மறுபடியும் இறங்கும். ஆகாரம் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், மருத்துவருக்கும் சொல்ல வேண்டும்.

"முதலில் என்ன?" என்ற கேள்விக்கு எல்லாப் பயிற்சி வகுப்பும் சொல்லும் விதி, முதலில் நோயாளியைப் பரிசோதி, பிறகு செயல்படு என்பது. பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒரு விலக்கு உண்டு, நீங்கள் சறுக்குவது அங்கேதான் என்று நினைக்கிறேன். பரிசோதனையின் முடிவைக் கேள்வியே கொடுத்துவிட்டால் மறுபடி பரிசோதிக்கக் கூடாது. இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் என்று எழுதியிருக்கும். விடைகளில் காய்ச்சல் பார், மருத்துவரை அழை, வேகத்தைக் குறை, நிறுத்து என்று நான்கு இருக்கும். நிறுத்துவதுதான் விடை. காய்ச்சல் பார்க்கும் அந்த ஒரு நிமிடமும் ஒவ்வாத இரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நிறுத்திய பிறகு குழாயை மாற்றி, நார்மல் சலைன் என்ற உப்புநீரை ஓடவிட்டு, நாடி, இரத்த அழுத்தம் போன்ற வைட்டல்ஸ் பார்த்து, மருத்துவருக்கும் இரத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும். பையை எறிந்துவிடாதீர்கள், அது பரிசோதனைக்குப் போக வேண்டும். வயிற்று அறுவைத் தையல் பிரிந்து குடல் வெளியே தெரிந்தாலும் இதே கதைதான். சலைனில் நனைத்த, கிருமிநீக்கிய துணியால் மூடுங்கள்; உள்ளே தள்ளாதீர்கள்; நோயாளியை விட்டு நகராமல் வேறொருவரை அனுப்பி சர்ஜனை அழையுங்கள்.

"டியூட்டி டாக்டரைக் கூப்பிடு" என்பதே நம் வார்டுகளில் முதல் பாடம். ஒரே இரவில் ஒரு நர்ஸிடம் இத்தனை கட்டில்களை ஒப்படைத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை மட்டும் கொடுப்பதில்லை. அந்தப் பழக்கம் தேர்வில் உங்களைத் தோற்கடிக்கும். உங்கள் கையால் இப்போதே செய்யக்கூடியது ஏதாவது இருந்தால், அழைப்பு அதற்குப் பிறகுதான்.

மூவாயிரம் கேள்விகளை மூடிவையுங்கள். ஒரு நாளைக்கு முப்பது போதும். தவறிய ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். டியூட்டியில் முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பேற்கும் ஹேண்டோவர் முடிந்ததும் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, இன்றைக்கு இவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து என்ன, அதன் முதல் அறிகுறி எது என்று சிறு நோட்டில் குறித்து வையுங்கள். ஷிஃப்ட் முடியும்போது சரிபாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலர், வரி தனி. இதை நீங்களே இணையத்தில் நேராகக் கட்டலாம், நடுவில் யாரும் தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உங்களிடம் கோப்புக்கே 40,000 கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். அசல் சான்றிதழ்களை எவரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

தேர்வு எழுதுவதற்கான அனுமதிக் கடிதம் கைக்கு வந்தால் அதற்குக் காலவரம்பு உண்டு. ஆகவே புதிய கதைக் கேள்விகளில் நிதானம் வந்த பிறகே பதிவு செய்யுங்கள். தவறினால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும், கட்டணத்தையும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.